தம்பிக்கான கல்லீரல்

தம்பியின் கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது, மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார்கள். நான் கொடுக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். இரத்த வகை பொருந்தியது. எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. கொரட்டூரில் எங்கள் தெருக்காரர்கள், அக்கா நல்லா புஷ்டியா கீது என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஸ்கேன் அந்தப் பெருமையைக் கவிழ்த்துவிட்டது. உங்கள் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்படியே எடுத்து வைத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். தம்பியின் கண்ணோ நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவன் உயிருக்கு என் வயிறா குறுக்கே நிற்கிறது என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அன்றே எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். மீன் வறுவல் போச்சு, நெய் போச்சு, வேர்க்கடலைச் சட்னிகூடப் போச்சு. பசித்தால் இட்லி. ஆவியில் வெந்ததுதானே, ஒரு சொட்டு எண்ணெய் இல்லையே என்று வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். மதியம் தட்டு நிறைய ரசம் சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட ஜூஸ். இவ்வளவு தியாகம் செய்த தெம்போடு மறுபடி ஸ்கேன் எடுத்தால், கொழுப்பு அசையவேயில்லை. மெஷினில்தான் கோளாறு என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அங்கே உணவு ஆலோசனை சொல்லும் பெண், நான் சாப்பிட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். உடம்புக்கு மிஞ்சின சோறும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாகத்தான் மாறும், எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இட்லியைக் குறைத்தேன். ஜூஸை விட்டேன். சோற்றைப் பாதியாக்கி, கீரையும் மீன் குழம்பும் கூட்டிக்கொண்டேன். ஒரு கைப்பிடி கடலைக்கு அனுமதி கிடைத்தது, அதற்கே சாமி கும்பிட்டேன். விடிந்ததும் ஏரிப் பக்கம் நடை. மூச்சு வாங்கும், முட்டி வலிக்கும், உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். தம்பி முகம் ஞாபகம் வரும், நடப்பேன்.

அடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடலாம் என்றார். என்னிடமிருந்து ஒரு துண்டு அவனுக்குப் போனது.

இப்போது அவன் கண் வெள்ளையாக இருக்கிறது. என்னோடு நடக்கவும் வருகிறான். போன வாரம் பஜ்ஜிக் கடை வாசலில் மனசு கேட்காமல், ஆசையாக இருந்தால் ஒன்றே ஒன்று தின்னேண்டா என்று நானே சொன்னேன். அவன் தலையாட்டி மறுத்துவிட்டான்.

"உள்ள கீறது உன்னுதுக்கா. வாயைக் கட்டிக்கினு எனக்குக் குட்த்த. பத்திரமா பாத்துக்கினு கீறேன்."

பஜ்ஜி ஆசை எனக்குத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.