மூணாவது பொட்டலம்

எங்க வீட்டுல பெரிய முடிவு எதையும் மனுசங்க எடுத்ததில்லை. பூக்கட்டிப் பார்த்துத்தான் எடுப்பாங்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்னு ஒண்ணுபோலக் கட்டி, அம்மன் காலடியில போட்டு, சின்னப்பிள்ளையை விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. கிணறு வெட்டவா வேண்டாமா, இந்தச் சம்பந்தம் பேசவா விடவா, எல்லாத்துக்கும் பூதான். எனக்கு அப்பவே எரிச்சலா வரும். தப்பாப் போனா யார் மேலயும் பழி வராது பாருங்க, அதுக்குத்தான் இம்புட்டும்.

தொண்ணூறுகள்ல, ராஜபாளையம் மில்லுல வேலை பார்த்த எங்க அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு. பிள்ளைகள்ல யாராவது ஒண்ணு கொடுத்தா பிழைப்பார்னு மதுரை டாக்டர் சொன்னார். சோதிச்சதுல அண்ணன், நான், தங்கச்சி மூணு பேருக்கும் பொருந்துச்சு. அம்மாவுக்குச் சர்க்கரை, அவ கொடுக்க முடியாது.

அப்பாவோட தம்பி, எங்க சித்தப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற எங்க வீட்டுல இருந்து எல்லாரையும் செண்பகத்தோப்பு போற வழியில இருக்கிற அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். பூசாரி கையில ரெண்டே பொட்டலம். வெள்ளை வந்தா நான், சிவப்பு வந்தா தங்கச்சி.

நான் அப்ப புள்ளியியல் படிச்சுக்கிட்டு இருந்தேன். முடிவு எப்படி எடுக்கணும்னே அதுல ஒரு பாடம் உண்டு. எது நல்லதுன்னு கணக்குப் போடுறதுக்கு முந்தி, இருக்கிற வழி அம்புட்டையும் முன்னால வைக்கணும். ஒண்ணை ஒளிச்சு வச்சிட்டுப் போட்டா, கணக்கு சரியா வந்தாலும் முடிவு தப்புதான். சீட்டு குலுக்குறதும் நியாயம்தான், எல்லார் பேரும் உள்ள இருந்தா.

மூணாவது பொட்டலம் எங்கேன்னு கேட்டேன். சித்தப்பா மூஞ்சி சுண்டிப்போச்சு. உங்க அண்ணன் பிள்ளைகுட்டிக்காரன், அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பமே தெருவுல நிக்கணும்னார். எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னன்னேன். பொம்பளைப் பிள்ளைக்கு இருக்கிற வாயைப் பாருன்னு பூசாரிகிட்ட சொன்னார். அண்ணன் தூணைப் பார்த்துக்கிட்டு நின்னான். ஊசின்னாலே பயப்படுற தங்கச்சி என் முதுகுக்குப் பின்னால ஒதுங்குனா.

எனக்கு வந்துச்சே கோபம். ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துப் பிரிச்சு, பூவை அம்மன் காலடியிலேயே கொட்டிட்டேன். பூசாரி பதறிப்போனார். சாமி குத்தம்னு அம்மா வாயில அடிச்சுக்கிட்டா.

"சாமிகிட்ட கேக்க வந்தியளே, எங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டியளா?"

அம்மாதான் கிட்ட வந்து, நீ தாரியாடின்னு கேட்டா. முதல்ல அண்ணன்கிட்ட கேளுன்னேன். அம்மா அவன் பக்கம் திரும்புனா. அவ உதடு அசைஞ்சுது, சத்தம் வரலை. அவனையும் பக்கத்துல நின்ன அவன் பொண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துட்டு, பழையபடி என்கிட்டயே வந்து நின்னா.

"தாரேன். அப்பாவுக்காகத் தாரேன். அவன்கிட்ட கேக்க உனக்கு வாய் வரலை பாரு, அதை மட்டும் மறக்க மாட்டேன்."

அப்பா பிழைச்சு வந்து பல வருசம் நல்லா இருந்தார். இப்ப அவரும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் மறக்கலை.