அடுப்பின் மேல் காயவைத்த மாக்னெட்டோ

அந்த எஞ்சின் நின்றுபோனதற்கு நான் காரணமா, இல்லையா? மூன்று வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

கொல்லிமலையில், குண்டூர் நாட்டுப் பக்கம், ஒரு காப்பித் தோட்டத்தில் என் கணவருக்கு எஞ்சின் பார்க்கும் வேலை. எங்கள் பெண் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். மார்கழியில் பழம் பறிக்கத் தொடங்குவார்கள். பறித்த பழத்தை அன்றன்றே தோல் நீக்கிவிட வேண்டும். குவித்து வைத்தால் புளித்துப்போகும். தோல் நீக்கும் மெஷினை ஓட்டுவதற்கு முதலாளி ஒரு பழைய படகு எஞ்சினை வாங்கியிருந்தார். கடலோரத்தில் பல வருஷம் உழைத்த எஞ்சின். மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மூங்கிலில் கட்டி, ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். பருவம் முழுக்க அது ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

காலையில் அது ஒழுங்காகக் கிளம்பும். பெட்ரோலில் சூடேற்றி, சீமெண்ணெய்க்கு மாற்றுவார். அரை மணி ஓடும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். ஆறவிட்டுச் சுற்றினால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும்.

எஞ்சினோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. அவர் நான்காம் வகுப்போடு நின்றவர். நான் மிஷன் பள்ளியில் படித்தவள். காப்பிச் செடிக்கிடையே தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அவர் செய்வார். சீமெண்ணெயை என் பழைய சேலையில் வடிகட்டினோம். டாங்கி மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தது, ஊசியால் குத்தினோம். ஸ்பார்க் பிளக்கின் கரியைச் சுரண்டினோம். ஒவ்வொன்றைச் செய்ததும் ஒரு நாள் நன்றாக ஓடும். கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்போம். மறுநாள் நின்றுவிடும். புத்தகத்தை நான் சரியாகத்தான் வாசித்தேனா என்று இரண்டு முறை, மூன்று முறை திருப்பிப் பார்ப்பேன்.

பழம் பறிக்க வரும் மலைக்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பாள்.

"ஏனுங்க அம்மிணி, கடல்ல கெடந்ததுக்கு மலைக்காய்ச்சல் வந்துருச்சாட்ட இருக்குதுங்களே. கசாயம் ஊத்திப் பாருங்க."

"சும்மா இரு. அவருக்குக் கேட்டுறப் போவுது" என்பேன்.

"கேக்கட்டுமுங்க. எஞ்சினுக்கும் கேக்கட்டும். ரோசம் வந்தாலாச்சும் ஓடுமுங்க."

ஒருநாள் எஞ்சின் நின்றதும் பிளக்கைக் கழற்றி இரும்பின் மேல் வைத்துவிட்டு, என்னைப் பொறி பார்க்கச் சொன்னார். அவர் கைப்பிடியைச் சுற்றினார். காலையில் நீலமாகத் தெறித்த பொறி இப்போது சிவப்பாக, மெலிந்து வந்தது.

"செவப்பாத்தானுங்க இருக்குது" என்றேன்.

"அப்ப மாக்னெட்டோதான் புள்ளே. பொறி அதுலிருந்துதான வருது. பனி ஈரம் உள்ள எறங்கிருச்சோ என்னமோ. பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குது?"

ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எப்படி உலர்த்துவது என்று போடவில்லை. மலையில் பனிமூட்டம் நாள் கணக்கில் விலகாது. தீப்பெட்டி, உப்பு, சாமை, குழந்தையின் துணி எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கட்டிய பரணில்தான் காயவைப்போம். மாக்னெட்டோவையும் அங்கேயே வைக்கலாம் என்று சொன்னது நான்தான்.

நான்கு நாள் அப்படியே நடந்தது. சாயங்காலம் கழற்றுவார், காலையில் மாட்டுவார். எஞ்சின் முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஓடியது.

ஐந்தாம் நாள் விடாமல் தூறல். பழம் பறிப்பு இல்லாததால் மாக்னெட்டோவைப் பரணிலேயே விட்டுவிட்டு, சீமெண்ணெய் டின் வாங்க அவர் அடிவாரத்துக்கு இறங்கினார்.

"சூடு ஏறாமப் பாத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

குழந்தைக்குச் சளி. துணிகள் எல்லாம் நனைந்துவிட்டன. பரணில் இடமில்லாமல், மாக்னெட்டோவை ஒரு பலகையில் வைத்து அடுப்புத் திட்டுக்கே இறக்கினேன். குழந்தைக்குக் குளிரக்கூடாதென்று விறகை அதிகமாகத் தள்ளினேன். அவளை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். கண் அயர்ந்துவிட்டேனோ என்னவோ. ஏதோ அரக்கு உருகுவது போன்ற வாசனை வந்தது. எழுந்து பார்த்தால், பலகையில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு சொட்டு.

மாக்னெட்டோவைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. உள்ளே கம்பிச் சுருளுக்கு அரக்குப் பூசியிருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால் எங்கள் கூரைப் புல்லிலிருந்தும் மழை நாளில் புகைக்கரி அப்படித்தான் கறுப்பாகச் சொட்டும். அடுப்பில் அன்று எரிந்தது பலாக்கட்டை. அதில் பால் கசிந்தாலும் ஒரு வாசனை வரும். சொட்டைத் துடைத்தேன். மாக்னெட்டோவைப் பரணில் ஏற்றினேன். அவர் வந்ததும் சொல்லவில்லை.

மறுநாள் எஞ்சின் ஓடியது, அதுவரை ஓடாத மாதிரி. மத்தியானம்வரை நிற்கவே இல்லை. என் கணவர் சிரித்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கும் மறுநாள் நின்றது. பொறியே இல்லை, நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எவ்வளவு சுற்றினாலும் இல்லை. மூன்று நாளில் பழக்குவியல் புளித்து, நாற்றம் எங்கள் வீடுவரை வந்தது. முதலாளி டோலியில் ஏறி வந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"பனியில விட்டு ஈரம் ஏறிப்போச்சுங்க. என்ற தப்புத்தானுங்க" என்றார் என் கணவர்.

நான் கதவுக்குப் பின்னால் குழந்தையோடு நின்றேன்.

தை பிறக்கும் முன்பே இறங்கிவிட்டோம். இப்போது அடிவாரத்தில் தன் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிறார். யார் வீட்டில் எஞ்சின் சத்தம் கேட்டாலும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கிணற்றுக்குப் புது எஞ்சின் வாங்கியிருப்பதாகவும், வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டார்.

"எனக்கு எஞ்சின் கைராசி இல்லீங்க. வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் இன்னொரு முறை யோசிக்க வேண்டுமென்று அந்த மனிதர் அமாவாசைவரை காத்திருப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள்: அடுப்புச் சூட்டில் கெட்ட மாக்னெட்டோ ஒரு நாள் அவ்வளவு நன்றாக ஓடிவிட்டுச் சாகுமா? அல்லது சிவப்புப் பொறி வந்தபோதே அதன் ஆயுள் முடிந்துவிட்டதா? எந்தப் பதில் வந்தாலும், என்னைப் போல் வீட்டில் இருக்கும் பெண்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அன்று நடந்ததை அவரிடம் சொன்னால், தன் கையில் குறையில்லை என்று அவர் அந்த வேலைக்குப் போவாரா? அல்லது மூன்று வருஷம் மறைத்தவள் என்பது மட்டும்தான் அவருக்கு மிஞ்சுமா? அமாவாசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.