கண்ணாடிக்கு வராத காற்று

காதர் பாய் போய்விட்டார் என்ற செய்தி உங்களுக்கு பஜாரில் கிடைத்திருக்கும், அல்லது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அதை ஏற்காட்டுக்குச் சொன்னவன் நான். இந்த மலையில் எந்தச் செய்தியையும் முதல் ஆளாகச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எந்த எஸ்டேட் கைமாறுகிறது, யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் என் வாய் வழியாகத்தான் பஜாருக்கு வரும். அன்றைக்கு மறுமுனையில் "யாருங்க, யாரு பேசறது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோதுதான் சொன்னேன்.

ஏரிக்குப் போகும் வழியில் ஒரு தகர ஷெட்டில் பாய் வண்டி ரிப்பேர் பார்த்தார். எஸ்டேட் ஜீப், லாரி, பஸ், எதுவானாலும் அவரிடம்தான் வரும். எங்கள் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் நான், வருமானத்துக்குப் பொருந்தாத ஒரு கார் வாங்கினேன். சேலத்து மில் முதலாளி ஒருவர் எப்போதோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, இருபது வருடம் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட வண்டி அது. அதில் ஏசி இருந்தது. போர்வை இல்லாமல் தூங்க முடியாத ஊரில் ஏசி கார். டீக்கடைக்காரர், "ஏனுங்க ரைட்டர் சார், உள்ள ஐஸ் வியாபாரமுங்களா?" என்று கேட்டார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "பனியில கண்ணாடி வேர்த்துப் போச்சுன்னா அதைத் துடைக்கிறது இந்த ஏசி காத்துதானுங்க. மலையில இருக்கறவனுக்குத்தான் இது வேணும்" என்றார்.

போன ஐப்பசி மழையில் அந்தக் காற்றுதான் வரவில்லை. காலுக்கு வந்தது. முகத்துக்கும் ஏதோ வந்தது. முன்கண்ணாடியின் அடியில் நீளமாக இருக்கும் துவாரத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. மோட்டார் கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பாய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு துவாரத்துக்கு முன்னாலும் பிடித்தார். கால் பக்கம் புகை சிதறி ஓடியது. கண்ணாடிப் பக்கம் நேராக, சாவகாசமாக மேலே போனது. "மோட்டார் கத்துது, காத்து வல்லைன்னா வழியில எவனோ உக்காந்திருக்கான்னு அர்த்தமுங்க" என்றார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தவர், சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்திருந்தது சேர்வராயன் கோயில் பூ. என் மனைவி சரோஜா வைகாசித் திருவிழாவுக்குப் போய்வரும்போதெல்லாம் பிரசாதப் பூவையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் கண்ணாடியோரம் வைப்பாள். வளைவுக்கு வளைவு அவை துவாரத்துக்குள் சரிந்து, மூன்று வருடப் பூவும் நாரும் திருநீறும் ஈரத்தில் குழைந்து, களிமண் அடைத்த மாதிரி இறுகிக் கிடந்தன.

"எடுத்துப் போடுங்க பாய்" என்றேன்.

"ஊட்டம்மா வெச்ச சாமி பூவுங்க. கிரீஸ் கையில நான் அள்ளிக் கீழ கொட்டறது மரியாதை இல்லைங்க. நாலு ஸ்க்ரூதான். கழட்டற விதம் காட்டறேன், நீங்களே எடுங்க."

சரோஜாவிடம் சொன்னேன். குளித்துவிட்டு, நாள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள். அதற்கு நாளும் குறித்துக் கொடுத்தாள், பாவம். அன்றைக்கு எனக்குச் சோம்பல். அடுத்த வாரம் கரடியூரில் ஒரு கல்யாணம். அப்புறம், தை பிறக்கட்டும் என்றேன். இதற்கிடையில், சாமி என் காருக்குள் குடியேறிவிட்டார், காதர் பாய் தொட மாட்டேன் என்கிறார் என்று ஜோடித்து, பஜாரில் ஒரு கடை விடாமல் கதை சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். பாய் காதிலும் விழுந்தது. "இவ்வளவு காத்து உங்க வாயில இருக்குதுங்களே சார், அதுல பாதியக் கண்ணாடிக்குத் திருப்பி விட்டாப் போதும்" என்றார். இரண்டு முறை ஷெட் வாசலில் நிறுத்தி, "மழைக் காலமுங்க, இப்படியே கீழ இறங்காதீங்க" என்றும் சொன்னார். அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மாலை, நான்கு மணி இருக்கும், பாய்க்கு நெஞ்சு வலி வந்தது. இங்கிருந்த டாக்டர், உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். எஸ்டேட் ஜீப் கரடியூருக்குப் போயிருந்தது. ஆபீஸ் வாசலில் நின்றது என் கார் மட்டும்தான். பாயைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அவர் மனைவி ஜமீலாக்கா தலையை மடியில் வாங்கிக்கொண்டார்.

முதல் வளைவு வருவதற்குள் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. வெளியே மழையும் பனியும், உள்ளே மூன்று பேரின் மூச்சு. துடைத்தால் இரண்டு நிமிடம் தெரியும், மறுபடியும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். எதிரே லாரி வந்தால் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பின்சீட்டிலிருந்து பாய், "கால் பக்கத்து ஓட்டையை அடைங்க சார். மேல தள்ளுதான்னு பாருங்க" என்றார். மப்ளரைத் திணித்தேன். தள்ளவில்லை. "ரெண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்குங்க" என்றார். மழை உள்ளே அடித்தது. அவர் நனைந்தார். ஜமீலாக்கா முந்தானையால் அவர் முகத்தை மூடினார். நான் கண்ணாடிகளை மறுபடி ஏற்றிவிட்டேன்.

பயத்தில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகாது பாய், இதோ வந்துவிட்டது பாய், அடுத்த வாரமே அந்தப் பூவை எடுத்துவிடுகிறேன் பாய் என்று.

"பேசாதீங்க சார்" என்றார். "உங்க மூச்சுதான் கண்ணாடியில படியுது."

கேலி இல்லை. ரிப்பேர் சொன்னார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. இருபது வளைவிலும் நிறுத்தி, இறங்கி, துடைத்து, ஏறினேன். முக்கால் மணி நேர வழிக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். ஜமீலாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாயின் முகத்தில் இருந்த மழை ஈரத்தைத் துடைத்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில், நாள் பார்க்காமல், குளித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவருடன் உட்கார்ந்தேன். பாய் காட்டிய அதே நான்கு ஸ்க்ரூ. கைவிட்டு அள்ளினேன். சரோஜா தாம்பாளத்தில் வாங்கி, காப்பிச் செடிகளின் அடியில் போட்டுவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் வைத்த பூவால்தானே என்றாள். இல்லை, நான் எடுக்காத பூவால் என்றேன். மொத்த வேலையும் பத்து நிமிடம்தான்.

பூக்கதையை என் வாயால் கேட்டவர்கள் நீங்கள். இனி யாருக்காவது சொன்னால் முடிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னிடம் பாய் விட்டுப்போனது அந்த நாலு ஸ்க்ரூவைக் கழட்டும் விதம் ஒன்றுதான். இப்போது அந்தத் துவாரத்தில் காற்று நன்றாக வருகிறது. எவ்வளவு பனியானாலும் கண்ணாடி தெளிந்துவிடுகிறது. மலை இறங்கும்போது, அன்றைக்கு நாங்கள் நின்ற ஒவ்வொரு இடமும் சுத்தமாகத் தெரிகிறது.