தெலெசிப்பாவின் சிரிப்பு

தெலெசிப்பா பிறந்த காலத்தில் எங்கள் ஸ்பார்ட்டாவின் பெயரைக் கேட்டாலே கடலுக்கு அப்பால் இருந்த நகரங்களும் நடுங்கின. எங்களுக்கு மதில் கிடையாது, ஆண்களே மதில். அவள் தலை நரைத்த காலத்தில் தெருவில் பாதி வீடுகளில் ஆண்களே இல்லை. மிச்சமிருந்தவர்கள் ஒருவரையொருவர் வேவு பார்த்தே பொழுதைக் கழித்தார்கள். போரில் எவன் முதுகு காட்டினான், வீட்டில் எவள் கண் கலங்கினாள் என்று.

கணவனைப் போருக்குக் கொடுத்தவள் அவள். மிஞ்சியது ஒரே மகன், தீமார்க்கஸ்.

லியூக்ட்ராவில் தீப்ஸ்காரர்களிடம் எங்கள் படை தோற்றது. செய்தி வந்தபோது ஊரே விழாவில் இருந்தது. ஆட்டத்தை நிறுத்த அதிகாரிகள் விடவில்லை. இறந்தவனின் பெயரை அவனவன் வீட்டில் மட்டும் சொன்னார்கள். பெண்கள் அழக்கூடாது என்று உத்தரவு. மறுநாள், மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் தலைவாரிச் சிரித்த முகத்தோடு கடைத்தெருவுக்கு வந்தார்கள். பிழைத்தவனைப் பெற்றவள்தான் முக்காடிட்டு வீட்டுக்குள் கிடக்கவேண்டும். எங்கள் வழக்கம் அப்படி.

தெலெசிப்பாவின் வாசலுக்குப் பெயர் சொல்ல யாரும் வரவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான்! பெற்ற வயிறு குளிர்ந்ததில் வழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. முகமெல்லாம் சிரிப்பாகக் கடைத்தெருவுக்கு ஓடினாள்.

"குடுத்து வச்சவடி நீ! உன் புள்ளையும் ஊருக்காக உசுரக் குடுத்துட்டானா?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் செய்த தவறு உறைத்தது. மறுத்தால் பிழைத்தவனைப் பெற்றவள் என்று தெரிந்துவிடும். தலையை ஆட்டிவிட்டாள்.

எதிர்வீட்டு நிகாசோ மட்டும் வாழ்த்தவில்லை. மகன் அல்கிதாஸை இழந்தவள் அவள்.

"ஏண்டி, உன் சிரிப்பு கண்ணு வரைக்கும் ஏறுதே? எங்களுக்கெல்லாம் உதட்டோட நின்னுபோச்சு."

"சந்தோஷப்படச் சொன்னாங்க, படுறேன். அதுல என்ன தப்பு அக்கா?"

"காலைல மாவரைக்கும்போது பாட்டு வேற பாடினே. படு, படு. படை திரும்பட்டும், பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து தெலெசிப்பாவுக்கு உறக்கமில்லை. நிகாசோ யாரிடம் பேசினாலும் தன்னைப் பற்றித்தானோ என்று கதவிடுக்கில் நின்று பார்த்தாள்.

படை வழக்கமான குழலோசையின்றித் திரும்பியது. தீமார்க்கஸும் தலைகுனிந்து வந்தான். ஓடியவர்களுக்குப் பாதித் தாடி மழித்து, ஒட்டுப்போட்ட அங்கி மாட்டுவது சட்டம். ஆனால் அத்தனை பேரையும் தண்டித்தால் ஈட்டி பிடிக்க ஆள் ஏது? சட்டம் இன்று ஒருநாள் தூங்கட்டும் என்று அரசர் அறிவித்தார்.

நிகாசோ தெருவைக் கடந்து நேரே உள்ளே வந்தாள்.

"சட்டம் தூங்கட்டும். நான் தூங்கல. ஓடினவன அரசர் மன்னிச்சாரு. செத்தவனோட அம்மான்னு மரியாதையத் திருடினவள எவன் மன்னிப்பான்? அதிகாரிகிட்ட போறேன்."

"அக்கா, உங்க கால்ல விழறேன்…"

நிகாசோ அவளைப் பார்க்கவில்லை. தீமார்க்கஸை நெருங்கினாள். "என் அல்கிதாஸ் உன் பக்கத்துலதானே நின்னான்? காயம் முன்னாலயா, முதுகுலயா?"

அவன் ஒரு கணம் தாயைப் பார்த்தான். "நெஞ்சுல, பெரியம்மா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓடினவன் எப்படிடா பாத்தே?"

"அவன் விழுந்தப்புறம்தான் ஓடினேன்."

நிகாசோ அவன் கண்களையே துருவினாள். பிறகு, இத்தனை நாள் சிரித்த அந்த முகம் உடைந்தது. அங்கியை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சரிந்து அழுதாள். தெலெசிப்பா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

"நான் அழுதேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"நீங்க அதிகாரிகிட்ட போகாதீங்க. நான் சொல்லல."

அடுத்த ஆண்டுப் பனிக்காலத்தில், அதுவரை எந்த ஸ்பார்ட்டாப் பெண்ணும் கண்டிராதபடி, எங்கள் யூரோட்டாஸ் நதிக்கு அக்கரையில் எதிரி வைத்த தீ புகைந்தது. பெண்களெல்லாம் வாய்விட்டு அலறித் தெருவில் ஓடினார்கள். இந்த இருவர் மட்டும் எதிரெதிர் வாசலில் நின்று, முதலில் அழுவது யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.