நாலு தொட்டிலும் ஒரு வெள்ளைப் பலகையும்

நான் எழுதிய மனு எதுவும் திரும்பி வந்ததில்லை. திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். யாருக்கு என்ன வேண்டும் என்பதைவிட, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதற்குக் கையெழுத்துப் போடுவார் என்று பார்த்துத்தான் எழுதுவேன். ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கும் இந்த வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

கொள்ளிடக் கரையோரம் ஒரு தெரு. அங்கிருக்கும் பெண்கள் பூ கட்டி, ராஜகோபுரத்துக்கு வெளியே உட்கார்ந்து விற்கிறவர்கள். அவர்களுடைய மகளிர் குழுவுக்கு லோன் பாரம், ஆதார் திருத்தம் என்று எதையாவது நிரப்பிக் கொடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு அந்தந்தத் தெருக்காரர்களே நடத்தும் சின்னத் திட்டங்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவி செய்கிறது என்று கேள்விப்பட்டதும் என்னைக் கூப்பிட்டார்கள்.

குழுவின் தலைவி நேராக விஷயத்துக்கு வந்தாள். “சார், எங்களுக்குக் கால் வச்ச தொட்டில் நாலு வேணுங்க. பச்சப்புள்ளைங்களைப் பாத்துக்க எங்கள்லயே ஒருத்திக்குச் சம்பளம். அவ்வளவுதான்.”

“இது ஸ்கூலுக்குக் குடுக்கிற உதவிம்மா. தொட்டிலுக்கும் ஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம்?”

“மார்கழியில பகல்பத்து, ராப்பத்துன்னு இருபது நாளும் இருட்டோட கோயில் வாசலுக்குப் போயிடுறோம். எங்க சீட்டுக் கூரையில தூளி கட்ட உத்திரம் கிடையாது. அங்கன்வாடியில கைக்குழந்தையைச் சேக்க மாட்டாங்க. பெரிய பொண்ணுதான் வீட்ல நின்னு பாத்துக்கணும். பரிச்சையை விட்ட புள்ள, பொங்கல் முடிஞ்சி போறதுக்கு வெக்கப்படுதுங்க. அப்படியே நின்னுடுது. எங்க மூத்தவ எட்டாவதோட நின்னது அப்படித்தான். இப்ப அவளும் எங்கூடவே பூ விக்க வந்துடுறா.” பக்கத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்ணைக் காட்டினாள். “இவ இப்ப ஒம்பதாவது. இவளாச்சும் தாண்டட்டும்னு பாக்கறேன்.”

எனக்குப் புரிந்தது. புரிந்தும், கையில் இருந்த பாரம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ‘பயன்பெறும் மாணவர்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு மாதக் குழந்தையை மாணவர் என்று எப்படி எழுதுவது? வீட்டுக்குப் போய், ‘கற்றல் மையம்’ என்று தலைப்புப் போட்டு, வெள்ளைப் பலகை, மேசைகள், கதைப் புத்தகங்கள் என்று அழகாக எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினேன்.

அந்தக் குழுவில் யாரும் கை தூக்கிச் சம்மதம் சொல்வதில்லை. கை பூவில் இருக்கும். கட்டிக்கொண்டே கேட்டால் சரி என்று அர்த்தம். சம்மதம் இல்லையென்றால் சரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்கள். நான் வாசித்து முடித்ததும் தலைவி மட்டும் சரத்தைக் கீழே வைத்தாள்.

“தொட்டில் வரலையே சார்?”

“முதல்ல இது கிடைக்கட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்.”

அவள் சரத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள், பாவம்.

மனு வழக்கம்போல ஜெயித்தது. கார்த்திகை முடிவதற்குள் பலகையும் மேசைகளும் வந்து இறங்கின. அந்தத் தெருவில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைக் கூட்டிப் பெருக்கி அதில் வைத்தோம். தொட்டில் விஷயமாக அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். “அங்கீகரிச்ச பட்டியல்ல அது இல்லையே சார்” என்று மரியாதையாகச் சொன்னார்கள். பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது?

மார்கழி பிறந்து பகல்பத்தும் தொடங்கிவிட்டது. அரையாண்டுப் பரீட்சை இன்னும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, பிள்ளைகள் மையத்தில் படிப்பதைப் போட்டோ எடுக்க அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் வந்தார். காலை பத்து மணி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தெருவில் மிச்சம் இருந்தது, போக முடியாமல் வீட்டில் நின்றுவிட்ட மூன்று பெண்கள்தான். ஆளுக்கு ஒரு குழந்தையோடு வந்தார்கள். தலைவியின் மகள் மட்டும் யாரும் சொல்லாமலே புத்தகப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“குழந்தைங்க இல்லாம எடுக்கலாமா சார்?” என்றார் வந்தவர்.

இரண்டு குழந்தைகளைப் பாயில் விட்டோம். தலைவி மகளின் தம்பி மட்டும் பாயில் இறங்க மாட்டேன் என்று வீறிட்டான். நான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் மேசை முன்னால் உட்கார்ந்து நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். போட்டோவுக்காக எழுதுகிறாள் என்று நினைத்தேன். நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, “ரொம்ப நல்லா வந்திருக்கு சார்” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். மற்ற இருவரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தாள்.

“இன்னிக்குக் கணக்குப் பரிச்சை சார்” என்றாள் தலை நிமிராமல். “இந்தப் பாடம் எனக்கு நல்லாத் தெரியும்.”

அதற்குள் பையன் என் சட்டையை நனைத்துவிட்டு மறுபடி அழத் தொடங்கினான். அவள் பேனாவை மூடினாள். நோட்டைப் பையில் வைத்துவிட்டு வந்து தம்பிக்குக் கையை நீட்டினாள்.

“நாளைக்கும் போட்டோ எடுக்க வருவாங்களா சார்?”

“வர மாட்டாங்கம்மா” என்றேன்.

நாளைக்கு நான் வந்து இவனைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் பரீட்சை எழுது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு என்ன வேலை? ஆனால் பத்து நிமிடம் தூக்கியதற்கே தோள் விட்டுப்போயிருந்தது, சட்டை ஈரமாக இருந்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது ராஜகோபுரத்துக்கு வெளியே அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். கை வேகம் வந்துவிட்டது. நான் துளசிச் சரம் வாங்கப் போனால், சாருக்கு என்று ஒரு முழம் கூடவே அளந்து கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.