பதினொன்றைத் தாண்டாத எண்

செங்கம் ரோட்டில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் விபூதி, காதோரம் செருகிய சின்ன ஸ்க்ரூ டிரைவர், பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற கண்கள்.

மறுநாள் கல்லூரியில் எனக்குக் கடைசி ப்ராஜெக்ட் ரிவ்யூ. எட்டு ஜிபி ரேம் போதாமல் லேப்டாப் பாதியிலேயே உறைந்து நின்றது.

"அக்கா, முப்பத்திரண்டு போட்டுடுங்க" என்றேன் கெத்தாக.

"அக்காவா? உங்கள விட சின்னவளா இருப்பேன். எவ்ளோ வேணும்னு லேப்டாப்பே சொல்லும், உக்காருங்க."

கடையின் முப்பத்திரண்டு ஜிபியைத் தற்காலிகமாக மாட்டி, நம்மை வழக்கம்போல வேலை செய்யவிட்டு, திரையில் மெமரி எண்ணையே பார்ப்பது அவள் பழக்கம். ப்ராஜெக்டை இருபது நிமிடம் ஓட்டினேன். வெளியே பௌர்ணமிக் கூட்டம் வெறுங்காலோடு மலையைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தது. எண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. பதினொன்றைத் தாண்டவில்லை. வீம்புக்கு ப்ரவுசரில் நாற்பது டேப் திறந்து எண்ணை ஏற்றப் பார்த்தேன்.

"அதெல்லாம் நீங்க பாக்கறதே இல்லையே" என்று சிரித்தாள். "ரேம் சேத்து வைக்கற எடம் இல்லங்க. இப்ப கையில எடுத்திருக்கற வேலைக்குத்தான். பதினாறு போதும். அதுக்கு ஜாஸ்தி போட்டா சும்மா தூங்கும்."

"நாளைக்கு நின்னுட்டா?"

"நின்னா வந்து திட்டுங்க."

நிற்கவில்லை. திட்டக் காரணம் இல்லாததால் நானும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த இருபது நிமிடமும் அவள் திரையை மட்டும்தான் பார்த்தாளா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.