பாட்டு வகுப்புக்கு நேரே கணக்கு என்று எழுதிய அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது. இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று சொன்ன சித்தப்பா, கூடவே, "அந்த ஸ்காலர்ஷிப் கதைய மட்டும் உட்டுடும்மா. ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றும் சொன்னார். ஊருக்குத் தெரிந்தது பாதிதான், சித்தப்பா. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒருவருடைய அப்பாவைப் பற்றிய கட்டுரையாகிவிடும். அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், இரண்டு ஏக்கர் நெல் நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருடம் தாத்தா அவருடைய படிப்பை நிறுத்தப் பார்த்தார். அப்போது கைகொடுத்தது வெள்ளைக்காரர் காலத்து மிஷன் பள்ளிக்கூடம். பையன்கள் மட்டும் படிப்பது. அதைக் கட்டிய பாதிரியாரின் மனைவி, ஏழைப் பையன்களின் விடுதிச் செலவுக்கென்று ஒரு தொகையைச் சென்னையில் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரில் அதற்குத் துரைசானி ஸ்காலர்ஷிப் என்று பெயர். அதன் வட்டியில் ஆண்டுதோறும் பன்னிரண்டு பையன்கள் தங்கிப் படித்தார்கள். எந்த மதம், எந்த ஜாதி என்று யாரும் கேட்டதில்லை. அப்பாவும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக இருந்தவர்.

படித்த பள்ளியிலேயே கணக்கு ஆசிரியரானார், பிறகு உதவித் தலைமையாசிரியரும் ஆனார். டியூஷன் என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. கோபம் வரும், அடுத்த நிமிடமே போய்விடும். பொய் சொல்ல வராது என்பதைவிட, பொய் எழுத வராது என்பதுதான் சரி. சித்தப்பா கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. எல்லா வீட்டிலும் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதுவார்கள். அப்பா, "என் தம்பி திருமணத்துக்கு வந்திருந்தாள்" என்று எழுதிக் கொடுத்தார். டீச்சர் என்னை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தார். வீட்டுக்கு வந்து அழுதால், அப்பா "நின்னா இன்னா, காலு வலுவாவும்" என்று சிரித்தார். அந்த வயதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டு பீரியடையும் பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது இங்கே படித்த எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கால அட்டவணையில் பாட்டு என்றே இருக்கும், சாக்பீஸோடு உள்ளே வருவது கணக்கு வாத்தியாராக இருக்கும். அப்பாவின் பள்ளியில் பாட்டு வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. பத்தாம் வகுப்பில் பையன்கள் கணக்கில்தான் அதிகம் தவறிக்கொண்டிருந்தார்கள். பத்துகூடத் தேறாதவனைச் சிப்காட் கம்பெனிகளில் மூட்டை தூக்கத்தான் கூப்பிடுவார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு பாட்டு வகுப்பையும் அப்பா கணக்குக்கு மாற்றினார். அட்டவணை போடுவதும் அவர் வேலைதான்.

தலைமையாசிரியர் அனுபவசாலி. "சார், பேப்பர்ல பாட்டுன்னே இருக்கட்டும். உள்ள போயி நீங்க கணக்கு எடுங்க, யாரு கேக்கப்போறாங்க" என்றாராம். "நடக்காதத எழுதி நான் எப்படி சார் கையெழுத்து போடறது?" என்று அப்பா கணக்கு என்றே எழுதிவிட்டார். அந்த வருடம் பத்தாம் வகுப்பில் ஒருவன்கூடக் கணக்கில் தவறவில்லை. முரளி என்ற விடுதிப் பையன் தொண்ணூற்றாறு வாங்கினான். அப்பா ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார்.

ஜூன் மாதம் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தோடு அட்டவணையின் நகலும் சென்னையில் அந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போகும். அதை யாரும் பிரித்துப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த வருடம் புதிதாக வந்த அதிகாரி பார்த்துவிட்டார். துரைசானி எழுதிவைத்த பத்திரத்தில், எல்லாப் பையன்களுக்கும் வாரம் இரண்டு பாட்டு வகுப்பு நடக்கும்வரைதான் வட்டி என்று நிபந்தனை இருந்திருக்கிறது. பாட்டு வகுப்பு நின்றுவிட்டதால் உதவித்தொகையும் நிறுத்தப்படுகிறது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. அப்படி ஒரு நிபந்தனை இருப்பது அந்தப் பணத்தில் படித்த அப்பாவுக்கே தெரியாது. பள்ளி பீரோவில் கிடந்த பத்திரத்தின் நகலை அன்றுதான் முதல் தடவையாக எடுத்துப் படித்தார்.

மறுநாளே ரயில் ஏறிச் சென்னைக்குப் போனார், நானும் கூடப் போனேன். அதிகாரி நல்ல மனிதர்தான், காபி வாங்கிக் கொடுத்தார். "எல்லா ஸ்கூல்லயும் இதான் சார் நடக்குது, எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க எழுதியே குடுத்துட்டீங்களே. எழுத்துல வந்தப்புறம் நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அப்பா அந்தக் காபியைக் குடிக்கவே இல்லை.

திரும்பி வந்ததும் பாட்டு வகுப்பைத் தானே எடுக்கத் தொடங்கினார். உறவினர்களுக்கு அவர் குரல் தெரியும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு பழைய ஆர்மோனியத்தைத் துடைத்துவைத்துக்கொண்டு பையன்களுக்கு முன்னால் நின்று பாடினார். பையன்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். புதிய அட்டவணையை அனுப்பினோம். தகுதி பெற்ற இசை ஆசிரியர் வேண்டும் என்று பதில் வந்தது. தாளாளர் ஐயாவிடம் போய்க் கேட்டார். "சம்பளத்துக்கு எங்க சார் போறது? ஒழுகுற கூரைக்கே வழி இல்ல" என்றார் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது.

தன் சம்பளத்தில் மூன்று பையன்களை அப்பா விடுதியில் வைத்துக்கொண்டார். நான்கு பேருக்கு அவரவர் சொந்தக்காரர்கள் பணம் கட்டினார்கள். மற்ற ஐந்து பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த முரளியும் அந்த ஐவரில் ஒருவன். அவன் அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அப்பா அவனைத் தேடிப் போவதற்குள் ஒரு கான்ட்ராக்டர் அவனை இரும்புக் கம்பி ஏற்றும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வயது பதினெட்டு என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "சார் இனிமே வாணாம் சார், ஊட்ல கடன் கீது" என்று அவன் சொன்னானாம். வீட்டுக்கு வந்து அப்பா இதை அப்படியே என்னிடம் சொன்னார்.

அன்று நான் ஒரு தப்புச் செய்தேன். "மூணு எழுத்துப்பா. பாட்டுன்னு மூணு எழுத்து. எழுதியிருந்தா அஞ்சு பேரும் படிச்சிக்கினு இருப்பாங்க" என்று கத்திவிட்டேன். அப்பா, "அந்தப் பேப்பர இப்ப குடுத்தாக்கூட எழுதுவனான்னு தெரியல கண்ணு" என்றார். அப்படிக் கத்தியிருக்கவே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு பெற்ற பிறகும் மனு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. திருநின்றவூரில் என் வீட்டுக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். கடைசியாக வந்த பதிலில், அந்தத் தொகையை இசை ஆசிரியர் உள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருந்தார்கள். "அங்கயும் ஏழைப் பசங்கதானே" என்றார் அப்பா. சரியான பேச்சுத்தான், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தால்தான் போனார் என்று சொல்லமாட்டேன். சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். கடிதம் வந்த மூன்றாவது வாரம் என் வீட்டில் மயங்கி விழுந்தார். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இரவு பகல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்ஸ்களுக்கும், ஆட்டோவில் தூக்கிப்போன பக்கத்து வீட்டாருக்கும், பள்ளி வாசலில் அப்பாவின் உடலைச் சற்று நேரம் வைக்கச் சம்மதித்த தாளாளர் ஐயாவுக்கும், சுடுகாடு வரை நடந்துவந்த பழைய மாணவர்களுக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முரளியின் அம்மாவும் வந்திருந்தார். கேன்டீன் ஷிப்டை மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் பிடித்து வந்தவர். அப்பாவின் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "சார் மேல எங்களுக்குக் கோவமே கிடையாதும்மா. அந்த மாதிரி மனுசன் இனிமே வரமாட்டாரு. ஆனா எம்புள்ள படிச்சிருப்பான்" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு தாமதமானது.